நம் வீட்டிற்கு ஏற்ற குளியல் தொட்டி

முன்னுரை

"கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் வாக்கு. உண்பதற்கு முன்பாகக் குளியலை வைத்தவர்கள் நம்மவர்கள். கிணற்றடியிலும் கண்மாயிலும் ஆற்றுத் துறையிலும் குளித்த காலம் போய், கொல்லைப்புறத்தில் ஓலைத் தட்டி மறைப்பு வந்தது. பிறகு சுவர் எழுப்பிக் குளியலறை கட்டினோம். இன்று அந்தக் குளியலறை வீட்டிற்குள்ளேயே வந்துவிட்டது. பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் சமையலறைக்கு அடுத்தபடியாகப் பணம் செலவிடுவது குளியலறைக்குத்தான்.

அப்போது எழும் ஆசைகளில் ஒன்று குளியல் தொட்டி. 'பாத் டப்' என்று கடைக்காரர் சொல்லுவது இதைத்தான். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் அண்ணன், "அங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறது, நாமும் வைத்துவிடலாம்" என்பார். ஆச்சி, "எனக்கு இதிலே எப்படியம்மா ஏறி இறங்க?" என்று கேட்பார்கள். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எனவே தொட்டி வாங்குவதற்கு முன் எதை எதை அளக்க வேண்டும், எதை எதைக் கேட்க வேண்டும் என்பதை மனையியல் மாணவியர் என்ற முறையில் நாம் தெரிந்துகொள்வது நல்லது.

தோழியரே! இந்தக் கட்டுரை முழுவதற்கும் இரண்டே விதிகள் போதும். வீட்டில் வலுக் குறைந்தவர் யாரோ, அவருக்குத் தக்கபடி தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டில் தண்ணீர் குறைந்த மாதம் எதுவோ, அந்த மாதத்திற்குத் தக்கபடி தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவை எல்லாம் இந்த இரண்டின் விளக்கமே.

குளித்தலும் மூழ்குதலும்

இன்று நாம் வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்வதைக் 'குளித்தல்' என்கிறோம். ஆனால் அந்தச் சொல்லின் பழைய பொருள் மூழ்குதல் என்பதாகும். நம் தூத்துக்குடிக் கடலோரத்தில் அந்தப் பொருள் இன்னும் அழியவில்லை. கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்த தொழிலுக்கு 'முத்துக்குளித்தல்' என்றுதானே பெயர்! தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு அந்தத் தொழில் நின்று போனது. சொல் மட்டும் நிற்கிறது. எனவே தண்ணீரில் அமிழ்ந்து குளிப்பது நமக்குப் புதிதன்று. அதை ஓர் அறைக்குள் கொண்டுவருவதுதான் புதிது.

உலகில் அது மிகப் பழைய வழக்கம். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் மொகஞ்சதாரோவில் கட்டப்பட்ட பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. செங்கற்களை நெருக்கமாக அடுக்கி, தண்ணீர் கசியாதிருக்க நிலக்கீல் பூசியிருந்தார்கள். குளியலறை கட்டும் கொத்தனார் இன்றும் முதலில் கவலைப்படுவது கசிவைப் பற்றித்தான். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் உள்ள நோசஸ் அரண்மனையில் சுட்ட மண்ணால் செய்த, ஒருவர் உட்காரத்தக்க தொட்டி கிடைத்திருக்கிறது.

இன்று கடைகளில் காணும் எனாமல் தொட்டிக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜான் மைக்கேல் கோலர் என்பவர், 1883-ல் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, அதைக் குளியல் தொட்டியாக விற்றார். குதிரைத் தொட்டி பணக்கார வீட்டுப் பொருளான கதை இது.

ஜப்பானியர் முறை வேறு. அவர்கள் முதலில் தொட்டிக்கு வெளியே ஒரு சிறிய முக்காலியில் அமர்ந்து, சோப்புப் போட்டு, வாளித் தண்ணீர் ஊற்றி உடம்பை நன்றாகக் கழுவிக்கொள்வார்கள். அழுக்கெல்லாம் போன பிறகே ஆழமான சிறு தொட்டியில் இறங்கி உட்காருவார்கள். அதே தண்ணீரைக் குடும்பத்தார் ஒருவர் பின் ஒருவராகப் பயன்படுத்துவார்கள். சிக்கனத்தையும் சுகத்தையும் சேர்த்துக் கட்டிய இந்த முறையைப் பின்னால் மீண்டும் நினைவுபடுத்திக்கொள்வோம்.

முதலில் உடம்பை அளப்போம்

செருப்பு வாங்கும்போது காலை அளக்கிறோம். தொட்டி வாங்கும்போது உடம்பை அளக்கிறவர் குறைவு. கடையில் பொதுவாகக் கிடைக்கும் தொட்டிகள் 5 அடி நீளமும் 2 அடி 4 அங்குல அகலமும் உடையவை. அடுத்தது 5 அடி 7 அங்குலம். அதற்கும் பெரியது 6 அடி. இவை வெளி அளவுகள். நாம் உட்காரும் அடிப்பகுதியோ வெளி அளவைவிட ஓர் அடிக்கு மேல் குறைவாக இருக்கும். ஆகவே விலைப்பட்டியலில் உள்ள நீளத்தை நம்பாமல், உள்ளே அடித்தளத்தின் நீளத்தை டேப்பால் அளந்து பார்க்க வேண்டும்.

எந்த நீளம் வசதியானது? வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். சுவரில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து உள்ளங்கால் வரை அளந்து பாருங்கள். 5 அடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு அது ஏறத்தாழ 3 அடி இருக்கும். தொட்டியின் அடித்தளம் இந்த அளவுக்கு அருகில் இருந்தால், உள்ளங்கால் எதிர்ச் சுவரில் பட்டு ஊன்றி நிற்கும். அடித்தளம் மிக நீளமாக இருந்தால் ஊன்ற இடமின்றி உடம்பு வழுக்கிக்கொண்டே போகும். கழுத்தைத் தூக்கிப் பிடிப்பதே வேலையாகிவிடும். பெரிய தொட்டிதான் சுகமான தொட்டி என்ற எண்ணம் தவறு என்பது இதனால் விளங்கும்.

இன்னும் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, முதுகு சாயும் பக்கம். அது நட்டுக்குத்தாக நிற்காமல் சாய்வு நாற்காலிபோல் சரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, அடித்தளம். அது சொரசொரப்பாகவோ சிறு புள்ளி மேடுகளோடோ இருக்க வேண்டும். கண்ணாடிபோல் பளபளத்தால் சோப்புத் தண்ணீரில் வழுக்கும். மூன்றாவது, விளிம்பின் உயரம். தரையிலிருந்து விளிம்புவரை ஒன்றரை அடிக்கு மிகாதிருந்தால் ஏறுவது எளிது. பல தொட்டிகள் பொருத்திய பின் இரண்டடிவரை உயர்ந்துவிடுகின்றன. அது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு மதில் சுவர்.

கடையில் தொட்டிக்குள் உட்கார்ந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். அம்மாவும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் பயன்படப் போகும் பொருளுக்கு ஐந்து நிமிடக் கூச்சம் பெரிதன்று.

எந்தப் பொருளால் ஆனது?

வார்ப்பிரும்பில் எனாமல் பூசிய தொட்டி நெடுங்காலம் உழைக்கும். வெந்நீரின் சூட்டையும் தாங்கி வைக்கும். ஆனால் 100 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். தகட்டு எஃகில் எனாமல் பூசியது எடை குறைந்தது. கனமான பொருள் விழுந்தால் எனாமல் பொரிந்து, அந்த இடத்தில் துருப் பிடிக்கும். அக்ரிலிக் தொட்டி 20 முதல் 35 கிலோ எடைதான் இருக்கும். தொட்டால் ஜில்லென்று இருக்காது. ஆனால் கீறல் எளிதில் விழும். அடியில் சட்டமும் கால்களும் சரியாக அமையாவிட்டால் மிதிக்கும்போது வளையும். ஃபைபர் தொட்டி எல்லாவற்றிலும் மலிவு. நாளடைவில் மேற்பூச்சு மங்கிவிடும்.

நம் பகுதியில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீராக இருக்கிறது. அது காயும்போது வெள்ளைத் திட்டுகள் படிகின்றன. தரை டைல்ஸைக் கழுவும் ஆசிட்டை எடுத்துத் தொட்டியில் ஊற்றினால் எனாமலின் பளபளப்புப் போய்விடும். குளித்து முடித்தவுடன் ஒரு பழைய பருத்தித் துணியால் துடைத்துவிடுவதே சிறந்த வழி. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

தண்ணீர்க் கணக்கு

5 அடித் தொட்டி ஒன்றில், ஒருவர் உட்கார்ந்து தோள்வரை அமிழச் சுமார் 150 லிட்டர் தண்ணீர் பிடிக்க வேண்டும். அதில் நாம் இறங்கினால் தண்ணீர் மேலே ஏறும். அமிழும் உடலின் கன அளவுக்குச் சமமான தண்ணீர் இடம் பெயரும் என்று ஆர்க்கிமிடீஸ் பாடத்தில் படித்திருக்கிறோம். நம் உடலின் அடர்த்தி ஏறத்தாழத் தண்ணீரின் அடர்த்திதான். எனவே 50 கிலோ எடையுள்ள பெண் தலையும் தோளும் வெளியே இருக்க உட்கார்ந்தால், 40 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் உயரும். ஆகையால் விளிம்புவரை பிடிப்பது வீண். பிடித்த தண்ணீர் வழிந்து ஓடத்தான் செய்யும்.

இந்த 150 லிட்டரை வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்போம். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் இது 10 குடம். வாளியில் குளிக்கிறவருக்கு 15 லிட்டர் வாளியில் இரண்டு போதும். அதாவது 30 லிட்டர். ஒருவர் ஒருமுறை தொட்டியில் குளிக்கும் தண்ணீரில் ஐவர் வாளியில் குளிக்கலாம்.

2019-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமப்புறத்தில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் குழாய்த் தண்ணீர் என்று அளவு வகுத்தது. ஆறு பேர் உள்ள வீட்டிற்கு இது 330 லிட்டர். இதில் ஒருவர் தொட்டிக் குளியலுக்கு 150 லிட்டர் எடுத்துக்கொண்டால், மீதி 180 லிட்டரில்தான் ஆறு பேரின் சமையல், குடிநீர், துணி துவைத்தல், கழிப்பறை, மற்ற ஐவரின் குளியல் எல்லாம் நடக்க வேண்டும்.

தண்ணீரின் அருமை நம் மாவட்டத்திற்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை நமக்குக் காற்றாகவே வந்து சேருகிறது. நாம் நம்பியிருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையைத்தான். தூத்துக்குடி நகரத்திற்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த திட்டம், நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்களின் முயற்சியால் 1927-ல் நிறைவேறியது. அதற்காகவே அந்நகர மக்கள் அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். கடலோரத்து ஊரில் ஒருவரைப் பெரியவராக்குவதற்குக் குடிதண்ணீர் ஒன்றே போதும்.

தோழியரே! இங்கே ஒரு கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாளில் குடம் எடுத்துக்கொண்டு போவது யார்? பெரும்பாலான வீடுகளில் அம்மாவும் நாமும்தான். அப்படியானால் தொட்டி வைக்கலாமா என்று வீட்டில் பேசும்போது, நம் சொல்லுக்கும் அங்கே இடம் வேண்டும். தண்ணீர் நிறைந்த கார்த்திகை மாதத்தை வைத்துக் கணக்குப் போடாமல், மழைக்கு முந்திய ஆவணி, புரட்டாசி மாதங்களை வைத்துக் கணக்குப் போடும்படி அப்பாவிடம் சொல்லுங்கள்.

வெந்நீர்க் கணக்கு

நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் 27 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. உடம்புக்கு இதமான வெந்நீர் 38 டிகிரி. 150 லிட்டரை 11 டிகிரி உயர்த்த 1,650 கிலோ கலோரி வெப்பம் தேவை. ஒரு யூனிட் மின்சாரம் தருவது 860 கிலோ கலோரி. எனவே ஒரு குளியலுக்கு ஏறத்தாழ 2 யூனிட் செலவாகும்.

கீசர் போதுமா என்பதையும் பார்க்க வேண்டும். 60 டிகிரிக்குச் சூடான தண்ணீர் ஒரு பங்கும் 27 டிகிரித் தண்ணீர் இரண்டு பங்கும் கலந்தால் 38 டிகிரி கிடைக்கும். அதாவது 15 லிட்டர் கீசர் ஒரு தடவைக்கு 45 லிட்டர் இளஞ்சூட்டு நீர் தரும். தொட்டி நிறைய அது மூன்று தடவைக்கு மேல் காய வேண்டும். 2,000 வாட் கீசரில் ஒரு தடவைக்கு 17 நிமிடம் ஆகும். கடைசித் தண்ணீர் வருவதற்குள் முதல் தண்ணீர் ஆறிப் போயிருக்கும். தொட்டிக்குப் பணம் கட்டிய பிறகு, "கீசரும் பெரிதாக வேண்டும்" என்று பிளம்பர் சொல்லுவதன் காரணம் இதுதான். தொட்டியின் விலை வேறு, தொட்டியில் குளிக்கும் விலை வேறு.

தளமும் கரிசல் மண்ணும்

அக்ரிலிக் தொட்டி 35 கிலோ, தண்ணீர் 150 கிலோ, குளிப்பவர் 60 கிலோ: மொத்தம் 245 கிலோ. இது சுமார் ஒரு சதுர மீட்டர் இடத்தில் நிற்கிறது. வார்ப்பிரும்பாக இருந்தால் 310 கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளங்களுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோதான். தரைத்தளத்தில் இதனால் கவலை இல்லை. மாடியில் வைப்பதானால், அதிலும் உத்திரக் கட்டையும் செங்கல்லும் அடுக்கிய பழைய மட்டப்பா வீடானால், பொறியாளரைக் கேட்காமல் வைக்கக் கூடாது.

ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல் மண் என்பதை மறக்கலாகாது. கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். குளியலறைத் தண்ணீர் அடித்தளத்தின் ஓரமாகவே இறங்கினால், ஒரு பக்கம் மண் உப்பி மறுபக்கம் சுருங்கிச் சுவர் விரிசல் விடும். வாளியில் குளிக்கும்போது தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. தொட்டியின் அடைப்பானைத் திறந்தாலோ 150 லிட்டரும் சில நிமிடங்களில் பாய்ந்து வெளியேறும். கரிசலில் தோண்டிய உறிஞ்சு குழி அத்தனை வேகமாகக் குடிக்காது. ஆகையால் கழிவுநீரைச் சுவரிலிருந்து பத்தடிக்கு அப்பால் குழாயில் கொண்டுபோய், வாழைக்கும் கல்வாழைக்கும் பிரித்துவிடுவது நல்லது. இரண்டு வாழைக் கன்று வைத்தால் குளியல் தண்ணீர் குலையாகத் திரும்பி வரும்.

பொருத்தும் வேலையிலும் நாம் கவனிக்க வேண்டியவை உண்டு. பழைய குளியலறைக் கதவுகள் சில இரண்டடி அகலமே உள்ளவை; தொட்டி உள்ளே நுழையுமா என்று வாங்குவதற்கு முன்பே அளக்க வேண்டும். தளத்தைப் பூசி முடித்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், ஒரு நாள் முழுவதும் தண்ணீர் கட்டிக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். தொட்டியின் விளிம்பில் ரசமட்டம் வைத்து நாலாபக்கமும் சரிபார்க்க வேண்டும். தண்ணீர் வடிவதற்கான வாட்டம் தொட்டிக்குள்ளேயே அமைந்திருக்கும். சுவரோர இடுக்கைப் பசை வைத்து அடைக்கும்போது தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். காலித் தொட்டியில் அடைத்தால், பின்னர் பாரம் ஏறியதும் தொட்டி சற்று இறங்கி, பசை பிரிந்துவிடும். தொட்டிக்குக் கீழே குழாய் அடைத்துக்கொண்டால் கை விட்டுப் பார்க்க ஒரு சிறு கதவும் அவசியம்.

ஆச்சிக்கும் தம்பிக்கும் ஆபத்து இல்லாமல்

வீட்டில் மற்ற அறைகளில் காய்ந்த தரையில் நடக்கிறோம். குளியலறையில் மட்டும் ஈரத்தில், சோப்பில், வெறுங்காலில் நடக்கிறோம். வயதானவர்கள் அங்கே விழுந்தால் இடுப்பெலும்பு முறிவதுண்டு. அதன்பின் பலர் பழையபடி நடமாடுவதில்லை. ஆகவே தொட்டி வைத்தாலும் வைக்காவிட்டாலும் சுவரில் உறுதியான கைப்பிடிக் கம்பி ஒன்று வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்திருக்கக் கூடாது. ஆளின் பாரம் தாங்க அது பொருத்தப்பட்டதன்று. கைப்பிடிக் கம்பியைச் செங்கல் சுவரில் ஆழமாக இறக்கிப் பொருத்த வேண்டும். அதை டைல்ஸ் ஒட்டும்போதே செய்துவிட வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி இருந்தால், உள்ளே யாரேனும் மயங்கி விழுந்தாலும் திறந்து தூக்கலாம்.

சிறு குழந்தைகள் சில அங்குலத் தண்ணீரிலேயே மூழ்கிவிடுவார்கள். சத்தம்கூடக் கேட்காது. தொட்டியில் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு அகலக் கூடாது; குளித்ததும் உடனே வடித்துவிட வேண்டும். "நாளைக்கு ஆகும்" என்று குளியல் தொட்டியில் தண்ணீர் சேமிக்கும் பழக்கம், கைக்குழந்தை உள்ள வீட்டில் கூடவே கூடாது. கொசுவும் அங்கேதான் முட்டையிடும்.

சூடான தண்ணீரை முதலில் ஊற்றாமல், குளிர்ந்த நீரை முதலில் விட்டு அதன்மேல் வெந்நீர் சேர்க்க வேண்டும். சூட்டை முழங்கையால் சோதிக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அவர்கள் காலை விட்டுச் சூடு பார்த்தால் வெந்து போவதும் தெரியாது. நெடுநேரம் வெந்நீரில் இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்; மெதுவாக எழ வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்கலாம். கீசரின் மின் இணைப்புக்கு எர்த் கம்பியும், கசிவு நேர்ந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இருக்க வேண்டும். தொட்டியில் இருந்தபடி எட்டும் தூரத்தில் சுவிட்ச் எதுவும் இருக்கலாகாது.

ஒரு வீட்டின் கணக்கு

இப்போது ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா, அம்மா, ஆச்சி, படிக்கும் இரண்டு பெண்கள், இரண்டு வயதுத் தம்பி. குளியலறை 8 அடிக்கு 5 அடி. கழிப்பறைப் பீங்கானும் அதிலேயே இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாய்த் தண்ணீர் வருகிறது.

5 அடித் தொட்டியை அகலவாக்கில் சுவரோரமாக வைத்தால் அறைக்குள் அடங்கும். மீதி இடம் 5 அடி 8 அங்குலம். ஆனால் ஆச்சி குளிக்க இடம் எங்கே? தொட்டிக்குள் ஏற அவர்களால் ஆகாது. தம்பிக்கோ தொட்டி ஓர் ஆபத்து. தினமும் அதில் குளிக்கத் தண்ணீரும் இல்லை. ஆறு பேரில் நான்கு பேர் மாதம் ஓரிரு முறை பயன்படுத்தும் பொருளுக்காக, ஆச்சியின் அன்றாடக் குளியலைப் பறிப்பதா?

இந்த வீட்டிற்குப் பொருத்தமானது வேறொன்று. தொட்டி வைக்க நினைத்த இடத்தில், ஒன்றே கால் அடி முதல் ஒன்றரை அடி உயரத்தில், சுவரோடு சேர்த்து ஒரு திண்ணை கட்டலாம். மேலே சொரசொரப்பான கல் பதித்து, முன்பக்கம் சற்றே வாட்டம் கொடுத்தால் தண்ணீர் தேங்காது. உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் குழாயும், கையில் பிடித்துக் குளிக்கும் பூவாளிக் குழாயும், பக்கத்தில் கைப்பிடிக் கம்பியும் வைத்தால் ஆச்சி யார் துணையுமின்றிக் குளிப்பார்கள். முழங்கால் வலிக்கும் நாளில் ஓர் அகன்ற வாளியில் 10 லிட்டர் இளவெந்நீர் ஊற்றிக் காலை அமிழ்த்தி வைத்தால், தொட்டிச் சுகத்தில் ஒரு பங்கு அதிலேயே கிடைத்துவிடும்.

வசதியும் தண்ணீரும் உள்ள வீடானால், இன்னொரு குளியலறையும் இருந்தால், தொட்டி வைக்கலாம், தவறில்லை. அப்போதும் ஜப்பானியர்போல் வெளியே கழுவிக்கொண்டு இறங்கினால், அந்த 150 லிட்டரை அக்காளும் தங்கையும் பங்கிட்டுக்கொள்ளலாம்; கடைசியில் வாழைக்கும் விடலாம். அக்கினி நட்சத்திர நாளில் வெந்நீர் தேவையில்லாமல் சாதாரணத் தண்ணீரிலேயே அமிழ்ந்திருப்பதும் நம் ஊருக்கு ஏற்ற சுகமே.

முடிவுரை

முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பின்வரும் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. இதில் யார் யார், வாரத்தில் எத்தனை முறை குளிக்கப் போகிறார்கள்?
2. ஏறி இறங்க முடியாதவர் வீட்டில் யார்? அவருக்கு வேறு இடம் உண்டா?
3. புரட்டாசி மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் கிடைக்கிறது?
4. கீசர் எத்தனை லிட்டர்? தளம் பாரம் தாங்குமா? கதவு வழியாகத் தொட்டி நுழையுமா?
5. தண்ணீர் வெளியேறி எங்கே போகும்?
6. தினமும் இதைக் கழுவித் துடைக்கப் போவது யார்?

ஆறாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. விடை எல்லோருக்கும் தெரியும் என்பதால் கேட்பதில்லை போலும்! அதை நாம் கேட்போம்.

விடைகளை எழுதிய பின் தொட்டி வேண்டும் என்று முடிவானால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள அளவுகள் அப்போது பயன்படும். வேண்டாம் என்று முடிவானால், அந்தப் பணத்தில் ஒரு திண்ணையும் ஒரு கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் அமைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும், ஆச்சி முதல் தம்பி வரை, ஆண்டு முழுவதும் பயமின்றிக் குளிக்கும் அறையே வசதியான குளியலறை.